இணையத்தில் வழிக் குறி தோன்றிய வரலாறு

தோட்டப்புறத்தில் வதந்தி பரவும் விதம் பலரும் அறிந்ததே. மேல் லயத்தில் ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்லி வைக்கிறார். மறுநாள் காலைப் பெரட்டில் அது நாலு பேர் காதில் விழுகிறது. கடைத்தெரு வரை இறங்கிப் போகிறது. மாலையில் வேறொருவர் வாய்வழியாகச் சொன்னவரிடமே திரும்பி வருகிறது. அவரோ, "பார்த்தீர்களா, வெளியிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்!" என்று தம் கூற்றுக்குச் சான்று கிடைத்ததாக மகிழ்கிறார். சான்று ஏது? தாம் விட்ட மூச்சே சுற்றி வந்து தம் முகத்தில் பட்டது, அவ்வளவுதான்.

இந்த மயக்கம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் உள்ள கணினிகளை இணைக்கும் வலையமைப்புகளிலும் இதே மயக்கம் நேர்ந்தது, இன்றும் நேர்கிறது. அதைத் தடுக்கப் பொறியாளர் கண்ட ஒரு சிறு உபாயமே 'வழிக் குறி' என்பது. அது ஓர் எண், வேறொன்றும் இல்லை. ஆயினும் அந்த எண்ணின் தேவையை உணரப் பல ஆண்டுகள் பிடித்தன.

இணையத்தில் ஒரு செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. சந்திக்குச் சந்தி நின்று, 'இந்தப் பொட்டலம் இந்தப் பக்கம் போகட்டும்' என்று அனுப்பும் கருவிக்குத் திசைவி என்று பெயர். எந்த ஊருக்கு எந்தப் பக்கம் வழி என்பதைத் திசைவிகள் தங்களுக்குள் பேசித் தெரிந்துகொள்கின்றன. அப்பேச்சுக்கு வகுத்த இலக்கணமே வழிகாட்டு நெறிமுறை. உலகம் முழுவதும் ஒரே நெறிமுறை வழங்கியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இராது.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் நான்கு நிலையங்களோடு ஆர்ப்பாநெட் தொடங்கியபோது நிலை அப்படித்தான் இருந்தது. ஒரே நிறுவனம் செய்து கொடுத்த கருவிகள், ஒரே பேச்சு. பின்னர் வலைகள் பெருகின. ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குள் தன் விருப்பப்படி நடந்துகொள்ளட்டும், வாசலில் மட்டும் பொது வழக்கில் பேசட்டும் என்ற எண்ணம் பிறந்தது. இதனை 1982 அக்டோபரில் எரிக் ரோசன் என்பார் ஆர்.எப்.சி. 827 என்னும் ஆவணத்தில் வகுத்துரைத்தார். 'தன்னாட்சி அமைப்பு' என்னும் கருத்து வேரூன்றியது அதன் மூலமே. அவர் முன்மொழிந்த வெளிவாயில் நெறிமுறையாகிய ஈ.ஜி.பி.யை டேவிட் மில்ஸ் 1984இல் ஆர்.எப்.சி. 904ஆக ஒழுங்குபடுத்தினார். ஆனால் ஈ.ஜி.பி.க்கு ஒரு பெருங்குறை உண்டு. வலைகள் மரத்தின் கிளைகளைப் போல அமைந்திருக்க வேண்டும். கிளைகள் மறுபடியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளலாகாது. பின்னிக்கொண்டால் வழி சுற்றுவதைக் கண்டுகொள்ள அதனிடம் உபாயம் இல்லை.

வீட்டுக்குள் வழங்கிய நெறிமுறைகளில் பெரும்புகழ் பெற்றது ரிப் என்பது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியில் வேர்கொண்டு, 1983இல் வெளியான பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்போடு பரவி, 1988 ஜூன் மாதத்தில்தான் சார்லஸ் ஹெட்ரிக் எழுதிய ஆர்.எப்.சி. 1058 மூலம் முறையான எழுத்து வடிவம் பெற்றது. இலக்கணத்துக்கு முன் வழக்கு என்பது இங்கும் பொருந்துகிறது. ரிப் எளிமையானது. ஒரு வலையை அடைய எத்தனை தாவல் என்று மட்டும் எண்ணும். 15 தாவல் வரை வழி உண்டு. 16 என்றால் வழியே இல்லை. முப்பது விநாடிக்கு ஒரு முறை தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் அண்டையாரிடம் ஒப்புவிக்கும்.

1986இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, பெருங்கணினி நிலையங்களை விநாடிக்கு 56 ஆயிரம் பிட் வேகத்தில் இணைத்து ஒரு முதுகெலும்பு வலையை அமைத்தது. அங்கு மொழிபெயர்ப்புச் சிக்கல் நன்றாகவே தலைகாட்டியது. முதுகெலும்பில் இருந்த சிறு கணினிகள் 'ஹலோ' என்னும் நெறிமுறையில் பேசின. அது காலதாமதத்தை மில்லி விநாடியில் அளப்பது. அதனோடு இணைந்த வட்டார வலைகள் பலவும் ரிப் பேசின; அது தாவலை எண்ணுவது. தாமதத்தைத் தாவலாக மாற்றுவது எப்படி? மைலை மணியாக மாற்றச் சொன்னால் மாணவன் திகைப்பானல்லவா, அத்தகைய கணக்கு இது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட 'கேட்டட்' என்னும் நிரல் ரிப், ஹலோ, ஈ.ஜி.பி. ஆகிய மூன்றையும் பேசி, ஒன்றில் கேட்டதை மற்றொன்றில் சொல்லியது. யாரிடம் கேட்டதை யாருக்குச் சொல்லலாம் என்று நிர்வாகி அதில் எழுதி வைக்கவும் முடிந்தது. இவ்வாறு ஒரு நெறிமுறையின் வழிகளை இன்னொன்றில் இறக்கிவிடுவதையே இன்று மறுபகிர்வு என்கிறோம்.

மறுபகிர்வில் தூரம் மாறுவது சிறு குற்றம். பிறப்பிடம் மறைவதே பெருங்குற்றம். அது விளைவிக்கும் கேட்டைச் சற்று நின்று காண்போம்.

இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகின்றன என்று கொள்வோம். ஒன்றில் ரிப், மற்றொன்றில் ஓ.எஸ்.பி.எப். என்னும் புதிய நெறிமுறை. எல்லையில் ஒரே ஒரு திசைவி நின்று இரண்டையும் மொழிபெயர்த்தால் தொல்லை இல்லை. ஆனால் அது பழுதானால் என் செய்வது என்று அஞ்சி, இரண்டாவது திசைவி ஒன்றையும் எல்லையில் நிறுத்துகின்றனர். பாதுகாப்புக்கென்று வாங்கிய அந்த இரண்டாவது கருவியோடுதான் ஆபத்து உள்ளே வருகிறது.

ரிப் பக்கத்தின் உள்ளே ஒரு வலை இருக்கிறது. முதல் எல்லைத் திசைவி அதன் வழியை ரிப் மூலம் கேட்டு, ஓ.எஸ்.பி.எப். பக்கம் அறிவிக்கிறது. இரண்டாம் திசைவிக்கு இப்போது ஒரே வலையைப் பற்றி இரு செய்திகள்: ஒன்று ரிப் நேரே சொன்னது, மற்றொன்று ஓ.எஸ்.பி.எப். சுற்றிக்கொண்டு சொன்னது. எதை நம்புவது? சிஸ்கோ நிறுவனத்தின் திசைவிகளில் இதற்கு ஒரு மதிப்பெண் பட்டியல் உண்டு. எண் குறைந்தால் நம்பிக்கை மிகுதி. ஓ.எஸ்.பி.எப்.க்கு 110, ரிப்புக்கு 120. ஆகவே நேரில் கேட்ட உண்மையைத் தள்ளிவிட்டு, சுற்றி வந்த செய்தியையே அது ஏற்கிறது. ஏற்றதோடு நிற்பதில்லை. 'இவ்வலை என் வழியே ஒரே தாவலில் கிட்டும்' என்று ரிப் பக்கம் திரும்பவும் அறிவிக்கிறது. உண்மையில் அவ்வலை நான்கு தாவல் தள்ளி இருக்கலாம். நடுவிலுள்ள திசைவி, நான்கை விட ஒன்று சிறிது என்று இரண்டாம் எல்லைத் திசைவியை நம்புகிறது. முதல் எல்லைத் திசைவியும் அந்த நடுத் திசைவி சொல்வதைக் கேட்டுத் தன் வழியை மாற்றிக்கொள்ளுமானால் வட்டம் முழுமையாயிற்று. பொட்டலம் நடுவிலிருந்து இரண்டாவதற்கு, அங்கிருந்து முதலாவதற்கு, மறுபடியும் நடுவுக்கு என்று செக்குமாடு போலச் சுற்றும். ஒவ்வொரு சந்தியிலும் அதன் ஆயுள் எண்ணில் ஒன்று குறையும், பூஜ்யமானதும் கைவிடப்படும். அனுப்பியவருக்கோ, எதிர்முனை மௌனமாகி விட்டதாகத் தோன்றும். எல்லாக் கருவிகளிலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இதிலும் வியப்பானது ஒன்றுண்டு. அந்த வலையே அறுந்துபோன பின்னும் அதைப் பற்றிய அறிவிப்பு இரு எல்லைத் திசைவிகளுக்கிடையே ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு உயிரோடு உலாவ முடியும். ஆள் இறந்து அவர் பெயருக்குக் கடிதம் மட்டும் வந்துகொண்டிருப்பது போன்றது அது.

மருந்து என்ன? சொன்னவர் பெயரைச் செய்தியோடு சேர்த்து அனுப்புவதே. நிறுவனங்களுக்கிடையே வழங்கும் நெறிமுறையில் இம்மருந்து முதலிலேயே சேர்ந்துவிட்டது. 1989 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் பொறியாளர் கூட்டம் நடந்தபோது, கிர்க் லாக்ஹீட், யாக்கோவ் ரெக்டர் ஆகிய இருவரும் உணவு வேளையில் கைத்துடைப்புத் தாளில் வரைந்த திட்டமே பி.ஜி.பி. அவ்வாண்டு ஜூனில் அது ஆர்.எப்.சி. 1105 ஆயிற்று. ஒரு வழி எந்தெந்தத் தன்னாட்சி அமைப்புகளைக் கடந்து வந்தது என்ற பட்டியலை அது கூடவே சுமந்து செல்லும். தன் எண்ணைப் பட்டியலில் கண்ட அமைப்பு, 'இது என் செய்தியே' என்று தள்ளிவிடும்.

வீட்டுக்குள் வழங்கும் நெறிமுறைகளுக்கு இவ்வளவு பெரிய பட்டியல் சுமக்க வலுவில்லை. அவற்றுக்குக் கிடைத்தது ஒற்றைக் குறி. ஜான் மோய் வகுத்த ஓ.எஸ்.பி.எப்.பின் 1991ஆம் ஆண்டு ஆவணத்தில், வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு வழியோடும் 32 பிட் நீளமுள்ள ஓர் இடம் குறிக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஓ.எஸ்.பி.எப். அதைப் பொருட்படுத்தாது, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எல்லையில் நிற்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான இடம் அது. 1993 ஜனவரியில் கேரி மால்கின் வெளியிட்ட ரிப் இரண்டாம் பதிப்பும் 16 பிட் குறியைப் பெற்றது. பழைய ரிப்பில் கட்டாயம் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று வெறுமையாக விட்டிருந்த இடமே இதற்குப் பயன்பட்டது. வந்த குறியை மாற்றாமல் அடுத்தவருக்குச் சொல்லவேண்டும் என்ற விதியும் உடன் எழுந்தது. அதே மாதம் வெளியான ஆர்.எப்.சி. 1403, பி.ஜி.பி.யும் ஓ.எஸ்.பி.எப்.பும் சந்திக்கும் இடத்தில் 32 பிட்டையும் பாத்தி கட்டிப் பிரித்தது: குறி தானாக இடப்பட்டதா என்பதற்கு ஒன்று, வழியின் வரலாறு முழுமையா என்பதற்கு ஒன்று, பாதையின் நீளத்துக்கு இரண்டு, நிர்வாகியின் விருப்பத்துக்குப் பன்னிரண்டு, அமைப்பின் எண்ணுக்குப் பதினாறு.

குறியின் பயன் இப்போது தெளிவாகும். முதல் திசைவி ரிப் வழியை ஓ.எஸ்.பி.எப்.பில் இறக்கும்போது, 120 என்று ஒரு முத்திரை இடுகிறது. இரண்டாம் திசைவிக்கு நிர்வாகி இட்ட கட்டளை: 120 முத்திரை உள்ளதை ரிப் பக்கம் திரும்ப விடாதே. எதிர்த் திசைக்கு 110 என்று வேறொரு முத்திரை. இரு திசைவிகளிலும் இரு கட்டளைகளும் இருக்கவேண்டும். வழிகளின் பெயர்ப் பட்டியலை எழுதி வைத்தும் இவ்வேலையைச் செய்யலாம். ஆனால் நாளை ஒரு புது வலை சேர்ந்தால் பட்டியலைத் திருத்த யாருக்கு நினைவிருக்கும்? முத்திரைக்கு அந்தக் கவலை இல்லை.

முத்திரை எல்லா நோய்க்கும் மருந்தன்று என்பதையும் சொல்லவேண்டும். அது செய்தி திரும்பிப் போவதைத் தடுக்குமே தவிர, இரண்டாம் திசைவி 110ஐ நம்பி 120ஐத் தள்ளியதை மாற்றாது. அத்திசைவி தன் பொட்டலங்களை இன்னமும் ஊர் சுற்றியே அனுப்பிக்கொண்டிருக்கும். அதைத் திருத்த நம்பிக்கை எண்ணையும் மாற்றவேண்டும். பலர் முதற்பாதியைச் செய்துவிட்டு, சுழல் நின்றதே போதும் என்று எழுந்து போய்விடுகின்றனர்.

பிறப்பிடம் மறைந்தால் என்ன நேரும் என்பதை 1997 ஏப்ரல் 25ஆம் நாள் உலகம் கண்டது. அமெரிக்காவில் 7007 என்னும் எண் கொண்ட தன்னாட்சி அமைப்பு, இணையத்தின் வழிகளில் பெரும்பகுதியைத் தன்னுடையவை என்றே அறிவித்துவிட்டது. வழிகள் சிறு துண்டுகளாக உடைந்திருந்தன. அவை கடந்து வந்த பாதைப் பட்டியலும் அழிந்திருந்தது. பி.ஜி.பி.யில் வந்த வழிகள் உள் நெறிமுறை ஒன்றுக்குள் இறங்கி, மறுபடியும் பி.ஜி.பி.க்கு ஏறியதே காரணம் என்பது பொறியாளர் பலர் தரும் விளக்கம். பெரிய அறிவிப்பை விடச் சிறு துண்டின் அறிவிப்பையே திசைவிகள் மதிக்கும். ஆதலால் எங்கெங்கோ செல்லவேண்டிய பொட்டலங்கள் அந்த ஒரு வாசலில் வந்து மொய்த்தன. குற்றம் செய்த திசைவியின் இணைப்புகளைப் பிடுங்கிய பின்னும் பொய் வழிகள் பிற வலைகளில் நெடுநேரம் உலாவின. உயிரற்ற வழி உலாவும் என்று மேலே சொன்னதற்கு இதை விடப் பெரிய காட்சி வேண்டியதில்லை.

அதன் பின்னர் குறியின் மதிப்பு ஏறியது. 2006 ஜூனில் வந்த ஆர்.எப்.சி. 4577, வாடிக்கையாளரின் ஓ.எஸ்.பி.எப். வலையைச் சேவை நிறுவனத்தின் பி.ஜி.பி. முதுகெலும்போடு இணைக்கும்போது சுழல் நேராதிருக்க ஒரு தனிப் பிட்டையும், அமைப்பு எண்ணிலிருந்து தானே கணக்கிடப்படும் ஒரு குறியையும் விதித்தது. பெரிய சேவை நிறுவனங்கள் விரும்பும் ஐ.எஸ்.-ஐ.எஸ். நெறிமுறைக்கோ 2008 பிப்ரவரியில்தான், ஆர்.எப்.சி. 5130 மூலம், நிர்வாகக் குறிக்கு முறையான இடம் கிடைத்தது. அந்நெறிமுறை இணைய வழிகளைச் சுமக்கத் தொடங்கியது 1990இல் என்பதை எண்ணிப் பார்த்தால் இத்தாமதம் சிறியதன்று.

ஆராய்ச்சியாளரின் கண் இதன்மேல் விழுந்ததும் தாமதமாகவே. பிராங்க் லே, ஜெப்ரி சீ, ஹூயி ஜாங் ஆகிய மூவர் 2007இல் வெளியிட்ட கட்டுரை மறுபகிர்வைக் கணித முறையில் ஆராய்ந்தது. ஒரு வலையின் மறுபகிர்வுக் கட்டளைகளைக் கொடுத்து, 'இதில் சுழல் உண்டாகுமா?' என்று கேட்டால், அதற்கு விடை காண்பது கணினி அறிவியலார் 'என்.பி.-கடினம்' என்று ஒதுக்கிவைக்கும் வகையைச் சேர்ந்தது என்று அவர்கள் நிறுவினர். எல்லா வலைக்கும் விரைந்து விடை தரும் வழி எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. அதற்குப் பதிலாக, இன்ன நிபந்தனை இருந்தால் ஆபத்தில்லை என்று எளிதிற் சோதிக்கத்தக்க ஒன்றை வகுத்துத் தந்தனர்.

ஆகவே இன்றும் குறியை இடுபவர் மனிதரே. 120 என்றால் ரிப்பிலிருந்து வந்தது என்று எந்த நெறிமுறையும் சொல்லவில்லை. கட்டளை எழுதியவர் மனத்தில் மட்டுமே அப்பொருள் உண்டு. அவர் அதை ஓர் ஏட்டில் குறித்து வைக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டால், அடுத்து வருபவர் 777 என்றும் 4021 என்றும் காணும் எண்களைத் தொடவும் அஞ்சி, அப்படியே விட்டுவைக்கிறார்.