யார் பார்த்த வண்ணத்துப்பூச்சி?

நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும் வாழும் ஓணான் ஒன்று இருக்கு. மூக்கு நுனியில் சின்ன இலையொன்றை ஒட்டி வைத்தது மாதிரி இருக்கும். 1861ல் அதற்கு வைத்த அறிவியல் பெயர் செரட்டோஃபோரா டெனென்டி. யார் இந்த டெனென்ட்?

சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனென்ட், 1845 முதல் 1850 வரை இலங்கையின் காலனித்துவச் செயலாளர். நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று சுமத்தியதற்கு எதிராக 1848 ஜூலையில் மாத்தளை கிளர்ந்தெழுந்தபோது ஆட்சியில் இருந்தவர். இராணுவச் சட்டம் போட்டுக் கிளர்ச்சியை அடக்கினார்கள். புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே டெனென்ட்தான் பிறகு இலங்கையின் இயற்கை பற்றி எழுதிய புத்தகங்களில், வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாக வண்ணத்துப்பூச்சிகள் மைல் கணக்கான அகலத்தில், மணிக்கணக்காக, சிலவேளை நாட்கணக்காகப் பறந்துபோவதை வியந்து எழுதினார்.

இந்தக் காட்சி இங்கே இருந்தவர்களுக்கு முன்னமே தெரிந்ததுதான். சிங்களவர்கள் சிவனொளிபாதமலையை 'சமனல கந்த' என்பார்கள். வண்ணத்துப்பூச்சி மலை என்று அதற்குப் பொருள் சொல்லுவாங்க. பூச்சிகளும் அந்த மலைக்கு யாத்திரை போகின்றன என்பது பழைய நம்பிக்கை. ஆனால் எந்த ஆண்டு, எந்தத் திகதி, எந்த ஊர் என்று எழுதி வைத்தது துரைமார்தான். எங்க மாவட்டத்து உயிர்களின் எழுதப்பட்ட வரலாறு அங்கிருந்துதான் தொடங்குது.

அந்தக் காலத்தில் இந்த மலைகளுக்கு என்ன நடந்தது என்றும் சேர்த்துப் பார்க்கணும். 1840ல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்குச் சொந்தமாக்கியது. அவை கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. மரம் வெட்டவும் கோப்பி பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து எங்க முன்னோர் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் வழியிலேயே செத்தார்கள். மிச்சம் பேர் கங்காணி பின்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காட்டை முதலில் கிட்ட நின்று பார்த்தவர்களில் அவர்களும் அடக்கம். அவர்கள் கையில் இருந்தது கத்தியும் கோடரியும். குறிப்புப் புத்தகம் இல்லை.

பேராதனைப் பூங்காவில் அப்போது துவைட்ஸ் என்ற தாவரவியலாளர் தலைவராக இருந்தார். 1869ல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொட்டுகள் வந்தபோது, நோய்பட்ட இலைகள் அவர் கையால்தான் இங்கிலாந்துக்குப் போயின. அது ஒரு பூஞ்சை என்று அங்கே கண்டுபிடித்தார்கள். அடுத்த இருபது வருசத்துக்குள் இலங்கையின் கோப்பி அழிந்தது. அதே துவைட்ஸின் மேற்பார்வையில், வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்ற இரண்டு சகோதரர்கள் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் வரைந்தார்கள். அந்தப் படங்களை வைத்து ஃபிரெடெரிக் மூர் என்ற ஆங்கிலேயர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். முதல் தொகுதி வரத்தொடங்கிய அதே 1880லதான் மாத்தளைக்கு ரயிலும் வந்தது. பிறகு 1924ல் ஓர்மிஸ்டனின் புத்தகம், 1942ல் வூட்ஹவுஸும் ஹென்றியும் எழுதிய புத்தகம். எல்லாமே ஆங்கிலத்தில். டி அல்விஸ் சகோதரர்களின் பெயராவது மிஞ்சியது. வலையோடு ஓடிப் பிடித்துக் கொடுத்தவர்கள், பாதை காட்டியவர்கள், புழு எந்தச் செடியில் இருக்கும் என்று சொன்னவர்கள் யார் என்று தேடினால் பெயர் கிடைப்பது அபூர்வம்.

'அவங்க எழுதினாங்க, நாங்க எழுதல, இதுல என்ன நட்டம்?' என்று கேட்கலாம். இங்கிலாந்திலேயே நடந்த ஒரு கதையைப் பாருங்க. கிராமத்துப் பாதையில் நடந்து, கண்ட பூச்சியைத் திகதியோடு குறித்து வைப்பது அங்கே பாதிரியாரும் பள்ளிப் பிள்ளைகளும் செய்துவந்த பொழுதுபோக்கு. 1976லிருந்து அதை ஒழுங்குபடுத்தி, ஒரே பாதையில் கிழமைக்கொரு தரம் நடந்து எண்ணுகிறார்கள். அங்கே 'பெரிய நீலம்' என்றொரு வண்ணத்துப்பூச்சி. அதன் புழுவை ஒருவகைச் சிவப்பெறும்பு தன் புற்றுக்குத் தூக்கிப்போகும். புழு உள்ளே எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளரும். மேய்ச்சல் குறைந்து புல் உயர்ந்ததும் நிலம் குளிர்ந்து அந்த எறும்பு போனது. 1979ல் பூச்சியும் அழிந்தது. எங்கே இருந்தது, எப்போது குறைந்தது என்ற பதிவுகளும் எறும்பு பற்றிய ஆராய்ச்சியும் இருந்தபடியால்தான் காரணம் பிடிபட்டது. 1983லிருந்து சுவீடனில் இருந்து கொண்டுவந்து மறுபடி குடியேற்றினார்கள்.

இப்போ மாத்தளைக்கு வாங்க. நக்கிள்ஸ் 2000ல் பாதுகாக்கப்பட்ட வனமானது, 2010ல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் போகிறார்கள். ஆனால் இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் லயத்துப் பின்பக்கம் என்ன பறக்குது என்று யார் எழுதுறா? தேயிலையைப் பிடுங்கி வேறு பயிர் வைத்தால், ஓடைக்கரையை வெட்டினால், எது போனது என்று நாளைக்கு யாராலும் சொல்ல முடியாது. இருந்ததற்கே சாட்சி இல்லையென்றால் போனதற்கு எப்படி வழக்குப் பேசுவது?

தொடங்கப் பெரிய காடு தேவையில்லை. கறிவேப்பிலை மரத்தில் முட்டையிட வருகிற கறுப்புப் பூச்சியைப் பாருங்க. ஆங்கிலத்தில் கொமன் மோர்மன் என்பார்கள். அதன் பெண் மூன்று வடிவத்தில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், பறவைகள் தின்னப் பயப்படுகிற நச்சுப் பூச்சிகள் மாதிரி வேசம் போட்டவை. எந்த வேசம் உங்க தோட்டத்தில் அதிகம் என்று எண்ணிப் பார்த்திருக்கீங்களா?

தமிழ்நாடு 2019ல் 'தமிழ் மறவன்' என்ற வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னமாக அறிவித்தது. அந்த இனம் இலங்கையிலும் உண்டு. இங்கே வாழும் வகைக்கு மூர் வைத்த பெயர் 'லங்கா'. ஒரே பூச்சி, கடலுக்கு அந்தப்பக்கம் தமிழ், இந்தப்பக்கம் லங்கா. எங்களுக்கு இரண்டு பெயரும் பொருந்துது.

பிடிக்க வேண்டாம், படம் போதும். கைபேசிப் படத்தோடு நாலு விசயம் எழுதுங்க: திகதி, இடம், எந்தச் செடியில், யார் பார்த்தது. பெயர் தெரியாட்டிப் பரவாயில்லை, பாட்டி சொல்கிற பெயரை அப்படியே எழுதுங்க. ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் போட்டால் இனம் தெரிந்தவர்கள் உதவுவார்கள். நாலாவது விசயத்தை மட்டும் விட்டுடாதீங்க. 1880ல் காலியாக விடப்பட்டது அந்த இடம்தான்.