கொழும்பு வானில் விழுந்த விமானங்கள்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவுக் கப்பல் பயணம். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்கள் ஓடியது இந்தத் தடத்தில்தான். சென்னையிலிருந்து ‘போட் மெயில்’ ரயிலில் வந்தவர்கள் 1914 வரை இங்கே இறங்கித்தான் கொழும்புக் கப்பலில் ஏறினார்கள். அந்தக் கொழும்பின் மேல் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று காலையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன.

வந்தவை 120-க்கும் மேல். ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், நான்கு மாதங்களுக்கு முன் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய புச்சிடா. முந்தைய நாளே கனடிய விமானி பர்ச்சல் எதிரிக் கப்பல்களைக் கண்டு வானொலியில் எச்சரித்திருந்தார். அதனால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பல முன்கூட்டியே வெளியேறிவிட்டன. ஆனாலும் எச்சரிக்கை கிடைத்த மறுநாள் காலையில் ரத்மலானை விமானத்தளம் அசந்துபோய்த்தான் இருந்தது. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே அங்கிருந்த விமானங்கள் கிளம்பின. குதிரைப் பந்தய மைதானத்தில் அவசரமாகப் போட்டிருந்த ஓடுபாதை மட்டும் ஜப்பானியர் கண்ணில் படவில்லை.

தரையிலிருந்து பீரங்கிகளும் சுட்டன. விமான எதிர்ப்புப் பீரங்கியின் குண்டு விமானத்தின் மேல் நேராகப் பட வேண்டியதில்லை. இத்தனை விநாடியில் வெடிக்க வேண்டும் என்று முன்பே திருகி வைத்த குண்டு வானில் வெடித்து, சிதறும் துண்டுகளால் இறக்கையையோ எண்ணெய்த் தொட்டியையோ கிழிக்கும். இலக்கின் உயரத்தையும் வேகத்தையும் கணித்தவர் கொஞ்சம் பிசகினால் வானில் புகைதான் மிஞ்சும். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம் தாழ இறங்கியே ஆக வேண்டும் என்பதால், கீழிருந்து சுடுபவர்களுக்கு அதுவே தோதான இலக்கு.

அன்று வீழ்த்தியதாக ஆங்கிலேயர் சொன்ன கணக்கு இருபதைத் தாண்டியது. ஜப்பான் உண்மையில் இழந்தவை ஏழு. அவற்றில் ஆறு பாய்ந்து குண்டு போடும் ரகம், ஒன்று ‘ஸீரோ’ ரகப் போர் விமானம். பல பீரங்கிகளும் ஆங்கிலேயரின் ஹரிக்கேன் போர் விமானங்களும் ஒரே இலக்கைச் சுட்டுவிட்டு, ஆளுக்கொன்று என்று எழுதிக்கொண்டால் கணக்கு இப்படித்தான் பெருகும். இழப்பு இரு தரப்புக்கும் இருந்தது: ஹெக்டர், டெனடோஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் துறைமுகத்திலேயே மூழ்கின.

மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் பீதி பரவி, மக்கள் வெளியூர்களுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். அரசு அலுவலகங்களும் இடம் மாறின.

ஏப்ரல் 9-இல் தாக்குதல் திருகோணமலைக்குத் திரும்பியது. அங்கே ஜப்பானிய விமானம் ஒன்று பெரிய எண்ணெய்த் தொட்டியின் மேல் விழுந்து, தீ பல நாள் எரிந்தது. அடிபட்டு விழுந்தது என்பார் சிலர். விமானி வேண்டுமென்றே மோதினார் என்பார் சிலர். 2022 ஜனவரியில் இந்திய நிறுவனமும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 99 தொட்டிகள், அந்த எண்ணெய்த் தொட்டிப் பண்ணையில் மிஞ்சியவைதான்.