ஒன்றுமில்லாமையிலிருந்து ஓர் உலகம்

கடவுள் இந்த உலகத்தை எதைக் கொண்டு படைத்தார்? கிறிஸ்தவர் ஒருவரிடம் கேட்டால் 'ஒன்றுமில்லாமையிலிருந்து' என்று உடனே பதில் வரும். ஞாயிறு பள்ளிக்குப் போகும் சிறுவன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் பைபிளின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அந்தச் சொல் அங்கே இல்லை! ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்திலேயே உருவமற்ற பூமியும், இருளும், ஆழமான நீரும் இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று அங்கே விளக்கம் இல்லை. எளிதாகத் தோன்றும் இந்தப் பதில் உறுதியாவதற்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

யூதர்களின் பழைய நூல்களிலும் இது பற்றி ஒரே குரல் இல்லை. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட சாலமோனின் ஞானம் என்னும் நூல், உருவமற்ற பொருளிலிருந்து கடவுள் உலகை உண்டாக்கியதாகச் சொல்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூலோ வேறு மாதிரி பேசுகிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கஸ் மன்னன் யூதர்களைத் தங்கள் சட்டத்தை மீறச் சொல்லிக் கொடுமைப்படுத்திய காலத்துக் கதை அது. ஏழு மகன்களில் ஆறு பேரைக் கண்ணெதிரே பறிகொடுத்த ஒரு தாய், கடைசி மகனிடம் பேசுகிறாள். வானத்தையும் பூமியையும் கடவுள் ஏற்கெனவே இருந்த பொருள்களிலிருந்து செய்யவில்லை, ஆகவே பயப்படாதே, உன்னையும் உன் சகோதரர்களையும் நான் திரும்பப் பெறுவேன் என்பது அவள் பேச்சின் சாரம். இல்லாததை உண்டாக்கியவருக்கு இறந்தவனை எழுப்புவது கடினமா என்ன? இது தத்துவ வகுப்பில் பிறந்த வாதம் அல்ல, ஒரு தாயின் கடைசி நம்பிக்கை.

ஆதி கிறிஸ்தவர்களுக்கும் இதில் பெரிய குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. கி.பி. 150-ஐ ஒட்டி ரோமில் எழுதிய யுஸ்தீன், கடவுள் உருவமற்ற பொருளை மாற்றி உலகமாக்கினார் என்றே எழுதினார். பிளேட்டோ இதை மோசேயிடமிருந்துதான் கற்றுக்கொண்டார் என்றும் சேர்த்துச் சொன்னார். அதற்காக யாரும் அவரைத் திருச்சபையை விட்டுத் தள்ளவில்லை; இன்றும் அவர் புனிதர்தான்.

சுமார் முப்பது ஆண்டுகளில் நிலைமை மாறியது. அந்தியோக்கியாவின் ஆயர் தெயோபிலு கேட்ட கேள்வி எளிமையானது. பொருளைக் கையில் கொடுத்தால் மனிதத் தச்சனும்தான் விரும்பியதைச் செய்வான், அப்படியானால் கடவுளுக்கு என்ன பெருமை? பொருளும் தொடக்கமற்றது என்றால் அதுவும் கடவுளுக்குச் சமம் ஆகிவிடாதா?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர் எர்மோகெனஸ். தொழிலால் ஓவியர். இவருக்கு எதிராகத் தெயோபிலு ஒரு நூல் எழுதினார். பிறகு கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியனும், கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரு முழு நூல் எழுதினார். எர்மோகெனஸ் எழுதியது எதுவும் இன்று கிடைக்கவில்லை. எதிரிகள் எடுத்துக் காட்டியதிலிருந்துதான் அவரை அறிகிறோம்.

அவருடைய கணக்கு இதுதான். கடவுள் உலகைத் தன்னிலிருந்து செய்திருக்க வேண்டும், அல்லது ஒன்றுமில்லாமையிலிருந்து, அல்லது ஏதோ ஒரு பொருளிலிருந்து. தன்னிலிருந்து என்றால் கடவுள் துண்டுபட்டுவிடுவார். ஒன்றுமில்லாமையிலிருந்து என்றால் எல்லாமே அவர் விருப்பப்படி வந்தவை. அப்படியானால் உலகில் உள்ள தீமையும் அவர் விருப்பமா? நல்லவரான கடவுள் அதை விரும்பியிருக்க முடியாது. எனவே என்றென்றும் இருந்த ஒரு பொருளிலிருந்துதான் படைத்தார், தீமை அந்தப் பொருளின் குறை. வண்ணத்தோடு போராடிப் பழகிய ஒருவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. உண்மையில் இவர் கடவுளைக் குற்றத்திலிருந்து காப்பாற்றத்தான் பார்த்தார்.

தெர்த்துல்லியன் அவரைச் சும்மா விடவில்லை. அவர் படம் வரைவதையும் பல திருமணங்கள் செய்துகொண்டதையும் கேலி செய்கிறார். கட்டுப்பாடற்ற குழப்பமான பொருள் என்று நீ வரைந்தது உன் சொந்தப் படம்தான் என்று நூலை முடிக்கிறார். (இன்றைய இணையச் சண்டைக்காரர்கள் அவரிடம் பாடம் கற்கலாம்!) ஆனால் கேலிக்கு நடுவே வலுவான வாதமும் இருக்கிறது. பிறர் பொருளைப் பயன்படுத்துகிறவர் அந்தப் பொருளுக்குக் கடமைப்பட்டவர். உலகைச் செய்யக் கடவுளுக்குப் பொருள் தேவைப்பட்டது என்றால் அவர் கடனாளி, பொருள் கடன் கொடுத்தவர். யார் பெரியவர்? முதல் போட ஒருவர் இல்லாமல் தொழில் தொடங்க முடியாதவரை முழு முதலாளி என்று எப்படிச் சொல்வது?

வாதத்தில் தெர்த்துல்லியன் ஜெயித்தார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஓவியர் கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதில் தரவில்லை. தீமை பொருளிலிருந்து வந்தாலும், அதைப் பொறுத்துக்கொண்ட கடவுள்மேல் பழி வரத்தானே செய்யும் என்று திருப்பிக் கேட்டார். அது கெட்டிக்காரத்தனமான மடக்கு, பதில் அல்ல.

பதில் தேடியவர் அகுஸ்தீன். இளமையில் சுமார் ஒன்பது ஆண்டுகள் மானிக்கேயரோடு இருந்தவர் அவர். ஒளி, இருள் என இரண்டு ஆதி சக்திகள் உண்டு என்பது அவர்கள் கொள்கை. பிறகு அதிலிருந்து விலகி, தீமை ஒரு பொருளே அல்ல, நன்மையின் குறைவு என்று எழுதினார். படைக்கப்பட்டவை ஒன்றுமில்லாமையிலிருந்து வந்தவை, அதனால்தான் அவை மாறவும் கெடவும் முடிகிறது என்றார். எர்மோகெனஸ் எந்த 'ஒன்றுமில்லாமை'யைக் கண்டு பயந்தாரோ, அதையே அகுஸ்தீன் விளக்கமாக மாற்றிவிட்டார். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரிடம் போய், தீமை என்பது வெறும் குறைவுதான் என்று சொன்னால் அவர் மனம் ஆறுமா என்பது சந்தேகம்தான்.

1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம்தான் இந்தக் கோட்பாட்டை முறையான அறிக்கையாக்கியது. அப்போது தெற்குப் பிரான்சில், இந்தப் பொருளுலகம் தீய சக்தியின் வேலை என்று நம்பிய கத்தார்கள் பெருகியிருந்தார்கள். ஓவியர் கேட்ட கேள்வி ஆயிரம் ஆண்டுகள் கழித்து வேறு உருவத்தில் திரும்பி வந்திருந்தது. காண்பவை, காணாதவை எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவர் ஒருவரே என்று அறிவித்த அந்தச் சங்கம், அதே அறிக்கையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது: பிசாசும் நல்லவனாகவே படைக்கப்பட்டான், தானாகத்தான் கெட்டான்.