சுவிட்ச்சின் வாசலில் யார்?

ஓர் அலுவலகத்தின் கணினிகளை எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைக்கும் பெட்டிக்குப் பெயர் நெட்வொர்க் சுவிட்ச். (விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல!) பெரிய நிறுவனங்களில் மாடிக்கு மாடி இது இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று கேபிள் சொருகி செட்டிங் மாற்றிக் கொண்டிருக்க யாரால் முடியும்? அதனால் இருந்த இடத்தில் இருந்தே உள்ளே நுழைய ஒரு வழி வைத்தார்கள். அதுதான் டெல்நெட்.

டெல்நெட் 1969-ல் அர்பாநெட்டோடு சேர்ந்து பிறந்தது. அன்று நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அதனால் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும்.

1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடிவிட்டார்கள். அங்கு ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யிலோனென் சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் சங்கேதமாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்ற புரோகிராமை எழுதி, அதே வருடம் ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஆம் போர்ட்டை அவர் கேட்டு வாங்கிய கதை சுவையானது.

பூட்டு மாறியது சரி. வாசல் வரை யார் வரலாம் என்பது வேறு கேள்வி. சிஸ்கோ சுவிட்ச்சில் தொலைவிலிருந்து வருபவர்களுக்கென்று 'வி.டி.ஒய்.' என்ற கற்பனை வாசல்கள் உண்டு. எந்த முகவரியில் இருந்து வந்தால் விடலாம் என்று ஒரு பட்டியல் எழுதி, 'ஆக்சஸ் கிளாஸ்' கட்டளையால் அங்கே மாட்டிவிடலாம். கல்லாப்பெட்டிக்குப் பூட்டு இருந்தாலும் கடைக்காரர் எல்லோரையும் கல்லா பக்கம் விடுவதில்லையே! ஆனால் பாஸ்வேர்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் இதைச் செய்யாமல் விட்டவர்கள் உண்டு.

அந்த தைரியம் 2017-ல் ஆட்டம் கண்டது. மார்ச் 7 அன்று சி.ஐ.ஏ.வின் ஆவணங்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. அதை அலசிய சிஸ்கோ, பத்தே நாளில் தன் சுவிட்ச்சுகளில் ஓர் ஓட்டை இருப்பதாக அறிவித்தது. 300-க்கும் மேற்பட்ட மாடல்கள்! சுவிட்ச்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும் வைத்திருந்த சில டெல்நெட் குறிப்புகளை, வெளி ஆள் அனுப்பினாலும் சுவிட்ச் ஏற்றுக்கொண்டது. அதைச் சரியாகத் திரித்து அனுப்பினால் பாஸ்வேர்டே தேவையில்லை, முழுக் கட்டுப்பாடும் கைக்கு வந்துவிடும்.

திருத்தம் மே மாதம்தான் வந்தது. அதுவரை சிஸ்கோ சொன்ன வழி, டெல்நெட்டை நிறுத்துங்கள், முடியாதவர்கள் முகவரிப் பட்டியல் போட்டு ஆபத்தைக் குறையுங்கள் என்பதே. டெல்நெட்டை மூட 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்' என்று ஒரே ஒரு வரி அடித்தால் போதும். பல வருடங்களாகவே இருந்து வந்த கட்டளை அது.