சாவி கைக்கு வந்தால் பொறுப்பும் வரும்! கார் டீடெய்லிங் சைடு பிசினஸ்: சட்டம் என்ன சொல்கிறது?

தை, மாசி வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். பாதி ரோட்டில் நெல் காயும். அறுவடை மெஷின் போன வழியெல்லாம் வைக்கோல் தூசு. போதாததற்கு முகூர்த்த சீஸன் வேறு. `வண்டி பளபளன்னு இருக்கணும் தம்பி' என்று வருகிறவர்களை நம்பி, வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை கார் டீடெய்லிங் என்று இறங்குகிறவர்கள் உண்டு. ஒரு பிரஷர் வாஷர், வாக்குவம் கிளீனர், பாலிஷர், நாலு மைக்ரோஃபைபர் துணி... வீட்டு வாசலே ஷெட்!

ஆனால், ஒரு கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும். `வண்டி பதினஞ்சு லட்சம். நமக்குக் கிடைக்கிறது ரெண்டாயிரம். ஏதாச்சும் ஆயிட்டா யார் தலையில விழும்?'

டெல்லியில் காணாமல்போன கார்

இதற்குப் பதில் டெல்லியில் தொடங்குகிறது. 1998-ல் தாஜ் மஹால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர், தன் மாருதி ஜென்னை ஊழியரிடம் பார்க்கிங்குக்குக் கொடுத்தார். திரும்பி வந்தபோது கார் இல்லை; யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். `உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு என்று பார்க்கிங் சீட்டிலேயே போட்டிருக்கிறோம்' என்றது ஹோட்டல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 நவம்பர் 14 அன்று வந்த தீர்ப்பில் ஹோட்டல் தோற்றது. வண்டியை உங்கள் பொறுப்பில் வாங்கிய பிறகு, கவனமாகப் பார்த்துக்கொண்டோம் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். சீட்டில் இருக்கும் வாசகம் உங்கள் அலட்சியத்தை மூடி மறைக்காது என்பதே அதன் சாரம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: கார்க்காரருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது. அதன் பிறகு அந்த நிறுவனமும் சேர்ந்துதான் ஹோட்டல் மீது வழக்குப் போட்டது. `அவருக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கே, நமக்கென்ன?' என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

உங்கள் வாசலுக்கும் அதே சட்டம்

ஒரு வேலைக்காகப் பொருளை ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதை `பெயில்மென்ட்' என்கிறது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். தையல்காரரிடம் கொடுக்கும் துணியும் அப்படித்தான், உங்களிடம் விட்டுப்போகும் காரும் அப்படித்தான். பிரிவு 151 கேட்பது ஒன்றைத்தான்: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனம். அப்படிக் கவனமாக இருந்தும் சேதம் வந்தால் நீங்கள் பொறுப்பல்ல என்கிறது பிரிவு 152. ஆக, பயப்பட வேண்டியது விபத்துக்கு அல்ல, அலட்சியத்துக்கு.

பிரிவு 154 கொஞ்சம் கடுமை. கஸ்டமர் சொல்லாத வேலைக்கு வண்டியை எடுத்தால், அப்போது நடக்கும் எந்தச் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு. `கவனமாத்தான் ஓட்டினேன்' என்பது செல்லாது. வாஷ் பண்ண வந்த தாரை கல்லணை வரை ஓட்டி ரீல்ஸ் எடுக்கும் ஆசை இருந்தால், இப்போதே விட்டுவிடுங்கள்!

கஸ்டமர் வீட்டுக்கே போய், சாவி அவரிடமே இருக்க வேலை செய்தால் திருட்டு ரிஸ்க் குறையும். ஆனால், பாலிஷர் சூட்டில் பெயின்ட் போனாலோ, எலெக்ட்ரிக்கல் பாகங்களில் தண்ணீர் புகுந்தாலோ அது உங்கள் கணக்குதான்.

காசு வாங்கிச் செய்யும் வேலை என்பதால், சேவைக் குறைபாடு என்று 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமே கிடையாது. `பார்ட் டைம்தானே' என்பது அங்கே எடுபடாது. தனி ஆளாகத் தொழில் செய்தால், இழப்பீடு உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்துதான் போகும்.

என்ன செய்யலாம்?

1. முதலில் வீடியோ: சாவி வாங்கும்போதே கஸ்டமரைப் பக்கத்தில் வைத்து, வண்டியைச் சுற்றி ஒரு நிமிட வீடியோ எடுங்கள். பழைய கீறல், அலாய் வீல், கண்ணாடி, கிலோமீட்டர் ரீடிங் எல்லாம் தெரியட்டும். அப்போதே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் இருக்கும் ஒரிஜினலை அழிக்காதீர்கள்.

2. ஜாப் கார்டு: என்ன வேலை, எவ்வளவு ரூபாய், எப்போது டெலிவரி என்று எழுதி `ஓகே' வாங்குங்கள். `டேஷ்போர்டுல பணம், நகை ஏதும் இருக்காண்ணே?' என்று கேட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

3. சாவியும் லைசென்ஸும்: சாவி ஆணியில் தொங்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாத ஹெல்ப்பர் வண்டியை ஓரடிகூட நகர்த்தக் கூடாது. யார் மீதாவது மோதிவிட்டால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்த தொகையை வண்டி உரிமையாளரிடமே திரும்பக் கேட்கலாம். அவர் நேராக உங்களிடம்தான் வருவார்.

4. தெரியாத வேலைக்கு `நோ': ரீ-பெயின்ட் செய்த பேனலில் பாலிஷ் போடும் முன் ஓரமாகச் சின்ன இடத்தில் டெஸ்ட் பண்ணுங்கள். சந்தேகம் இருந்தால், `இது நம்மால முடியாதுண்ணே' என்று சொல்வதில் தப்பே இல்லை.

5. இன்ஷூரன்ஸ்: கராஜ் வைத்திருப்பவர்களுக்கென்று `மோட்டார் டிரேட்' பாலிசி உண்டு. உங்கள் அளவுக்குக் கிடைக்குமா, கஸ்டமர் வண்டிக்கான சேதம் அதில் வருமா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

6. கழிவுநீர்: ஆயிலும் கெமிக்கலும் கலந்த தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. தவிர, அந்தத் தண்ணீர் பாயப்போவது யாரோ ஒருவரின் நாற்றங்காலுக்கு.

உங்களுக்கும் உரிமை உண்டு

சட்டம் கஸ்டமர் பக்கம் மட்டும் இல்லை. உழைப்பையும் திறமையையும் போட்டு வேலையை முடித்த பிறகு, பேசிய கூலியைத் தராமல் இழுத்தடித்தால், தரும் வரை வண்டியைத் திருப்பித் தராமல் வைத்திருக்கும் உரிமையைப் பிரிவு 170 தருகிறது. பின்னால் தருகிறேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டிருந்தால் இது பொருந்தாது. வைத்திருக்கலாம், ஓட்டக் கூடாது!

பிரச்னை பெரிதானால் வக்கீலைப் பாருங்கள். இலவச சட்ட உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்க, 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி வந்ததும், ஷாம்பூ பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் போனை எடுத்து வீடியோவை ஆன் பண்ணுங்க பாஸ்!