முன்னிருப்பு: படாளத்துக்கு வந்த டெஸ்க்டாப்

2012-ல் படாளத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பெண் அப்போது பிளஸ் டூ. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சித்தப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர், இயந்திரம் என்றால் கொஞ்சம் மரியாதை உண்டு. அதனால் அது ஒரு துண்டில் சுற்றப்பட்டு பீரோவுக்குள் இருந்தது.

"அண்ணா, தொறந்தா ரெண்டு பேரு வருது. எதை அழுத்தணும்?"

ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். நான் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது, லினக்ஸ் கிறுக்கு உச்சத்தில் இருந்த காலம். இரண்டாவதை அழுத்தச் சொன்னேன். திரையின் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. இடது மூலையில் வரிசையாக மூன்று பட்டியல்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்ததும் அவள் முகம் மாறியது. 'பயன்பாடுகள்', 'இடங்கள்' என்று சத்தமாகப் படித்தாள். பிறகு கேட்டாள்: "இத யாருண்ணா இப்படி வெச்சாங்க?"

என்னிடம் அன்றைக்கு ஒழுங்கான பதில் இல்லை. "கவர்ன்மென்ட்டுதான்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

விண்டோஸ் வாங்கினால் அதன் முகமும் கூடவே வந்துவிடும். லினக்ஸில் உடம்பு வேறு, முகம் வேறு. க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்று முகங்கள் பல, எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். இதைத்தான் 'சுதந்திரம்' என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசுவோம். ஆனால் டீக்கடையில் போய் "ஒரு டீ" என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்ட டீதான் வரும். வேண்டாம் என்கிறவர்தான் வாய் திறக்க வேண்டும். சொல்லாதவர்களுக்கு எது வந்து சேர்கிறதோ அதுதான் முன்னிருப்பு. ஒரு மடிக்கணினித் திட்டத்தில் ஏறக்குறைய எல்லோருமே சொல்லாதவர்கள்.

சண்டை பழையது. 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிஷ் என்ற ஜெர்மானிய மாணவர் கேடிஇ-யை அறிவித்தார். அது நின்றது க்யூட்டி என்ற நிரல் தொகுப்பின் மேல். அதன் உரிமம் அன்று முழுச் சுதந்திர உரிமமாக இல்லை. மென்பொருள் சுதந்திரத்தில் பத்தியம் பார்க்கிறவர்களுக்கு இது ஆகவில்லை. 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மெனாவும் மாற்றாக க்னோமைத் தொடங்கினார்கள். 1998-ல் டெபியன் இதே உரிமக் காரணத்துக்காகக் கேடிஇ-யைத் தன் கிடங்கிலிருந்தே நீக்கியது. 2000 செப்டம்பரில் க்யூட்டி ஜிபிஎல் உரிமத்துக்கு வந்து வழக்கு தீர்ந்தது. அதற்குள் க்னோமுக்கு வேர் பிடித்துவிட்டது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இந்த உரிமச் சண்டைக்குத் தமிழர்களும் ஒரு விலை கொடுத்தோம். இரண்டு டெஸ்க்டாப் என்றால் இரண்டு மொழிபெயர்ப்பு. 2000-களின் தொடக்கத்தில் கேடிஇ-யைத் தமிழில் கொண்டுவரத் தன்னார்வலர்கள் ஊர் ஊராக, நாடு நாடாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். சென்னையில் 'ழ கணினி' என்றொரு முயற்சியே நடந்தது. க்னோமுக்கு வேறொரு கூட்டம். ஒரே 'ஃபைல்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேட இரண்டு இடத்தில் இரண்டு விவாதம். எழுத்தைத் திரையில் வரையும் வேலையும் இரட்டை வேலைதான். க்னோம் பக்கம் பாங்கோ என்ற நூலகம், கேடிஇ பக்கம் க்யூட்டியின் சொந்த ஏற்பாடு. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்க்குறி மெய்க்கு முன்னால் பாதி, பின்னால் பாதி நிற்க வேண்டும். இந்த விதியை இரு பக்கமும் தனித்தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. பிறகுதான் ஹார்ஃப்பஸ் வந்து இருவருக்கும் பொதுவானது. இத்தனை பேர் உழைப்பில் எது மாணவர் கண்ணில் படும், எது கிடங்கிலேயே கிடக்கும் என்பதை முடிவு செய்தது மொழிபெயர்ப்பின் தரம் இல்லை. நிறுவியில் முன்கூட்டியே குறித்து வைத்திருந்த பெயர்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏயு-கேபிசி ஆய்வு மையம் இருக்கிறது. அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துத் தெற்கே வந்தால் தாம்பரம், செங்கல்பட்டு, பாலாற்றுப் பாலம், அப்புறம் படாளம். ஒரே சாலை. இந்த மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்துதான் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தை நடத்தின. அந்த முயற்சியில் பிறந்தது பாஸ், 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. (பெயரைச் சுருக்கியவர் குறும்புக்காரராக இருக்க வேண்டும்.) 2007 ஜனவரியில் வெளியானது. அடித்தளம் டெபியன், முகம் க்னோம். இந்திய மொழி எழுத்துருக்களும் தட்டச்சு வசதியும் உள்ளேயே இருந்தன.

ஏறக்குறைய அதே காலத்தில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் தலைமையில், சூசே லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் கதை இன்னும் வேடிக்கை. சூசே கேடிஇ-யின் தாய்வீடு மாதிரி. நோவெல் அதை வாங்கிய பிறகு, 2005 நவம்பரில், நிறுவனப் பதிப்புகளுக்கு க்னோம்தான் முன்னிருப்பு என்றது. கேடிஇ ரசிகர்கள் கொதித்தார்கள். சமூகப் பதிப்பான ஓப்பன்சூசே நிறுவியோ இரண்டு பெயரையும் காட்டி, எதையும் குறிக்காமல், "நீயே சொல்" என்று விட்டது. நியாயமான ஏற்பாடு என்றுதான் எனக்கும் தோன்றும். ஆனால் முதல்முறை லினக்ஸ் பார்க்கிற ஒருவருக்கு 'க்னோமா கேடிஇ-யா' என்பது கேள்வியே இல்லை, அது ஒரு பூட்டு. 2009 ஆகஸ்டில் கேடிஇ-க்கு நேரே புள்ளி வைத்தார்கள். க்னோம் பக்கத்திலேயே இருந்தது, யாரும் அதை எடுத்துவிடவில்லை. ஆனாலும் அந்த ஒரு புள்ளிக்காக எத்தனை வாதம்!

இனி மடிக்கணினிக்கு வருவோம். திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அதற்கு ஐந்து மாதம் முன்பு, ஏப்ரலில், க்னோம் 3 வெளியாகியிருந்தது. இரண்டு பட்டைகள் போயின. 'பயன்பாடுகள், இடங்கள்' பட்டியல் போனது. அதற்குப் பதில் மூலையில் 'செயல்பாடுகள்' என்ற ஒரே சொல். படம் வரையும் சில்லு வலுவாக இல்லாவிட்டால் புது முகம் ஓடாது, 'மாற்று நிலை' என்ற பழைய சாயல்தான் கிடைக்கும். 2013-ல் வந்த 3.8 பதிப்பில் அதையும் நிறுத்திவிட்டார்கள். பழைய க்னோமை விட மனமில்லாதவர்கள் அதன் நிரலை எடுத்து 'மாட்டே' என்று வளர்த்தார்கள்.

2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6-ல் இருந்தது க்னோம் 2.30. சித்தி பெண் சத்தமாகப் படித்த அந்தத் திரையும் அதே தலைமுறைதான். அதாவது, ஆக்கியவர்களே கைவிட்டுவிட்ட ஒரு முகத்தை அவள் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தாள். இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நிலையான பதிப்பு என்றால் பழைய பதிப்பு என்றுதான் அர்த்தம். இருந்தாலும் இன்று யோசிக்கும்போது எனக்குச் சுருக்கென்கிறது.

டெபியனிலும் அப்போது நிம்மதி இல்லை. 2012 ஆகஸ்டில் நிறுவியின் பராமரிப்பாளர்களில் ஒருவரான ஜோயி ஹெஸ் முன்னிருப்பை எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாற்றினார். காரணம் கொள்கை இல்லை, க்னோம் ஒரு சிடிக்குள் அடங்கவில்லை! பிறகு அது திரும்பப் பெறப்பட்டு, 2013-ல் வந்த டெபியன் 7 க்னோமுடனேயே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அடுத்த பதிப்புக்காக மறுபடி எக்ஸ்எஃப்சிஇ; ஓராண்டுக்குள் பரிசீலிப்போம் என்று ஒரு நிபந்தனை. 2014 செப்டம்பரில் மீண்டும் க்னோம்.

கடைசி மாற்றத்துக்குச் சொன்ன முதன்மைக் காரணத்தைப் படித்தபோதுதான் இந்த விஷயத்தைப் பார்க்கும் என் பார்வை மாறியது. அழகு இல்லை, வேகம் இல்லை. பார்வையற்றவர்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஓர்கா என்ற கருவி க்னோமோடு வளர்ந்தது. பட்டன், பட்டியல், பெட்டி ஒவ்வொன்றும் தன் பெயரை அதனிடம் சொல்லும்படி க்னோமில் பல ஆண்டுகள் வேலை நடந்திருந்தது. எக்ஸ்எஃப்சிஇ அந்த அளவுக்கு வரவில்லை. பார்வையுள்ளவர் பிடிக்காத டெஸ்க்டாப்பை அரை மணி நேரத்தில் மாற்றிக்கொள்வார். திரை பேசாவிட்டால், பார்வையற்றவருக்கு மாற்றும் இடத்துக்குப் போகவே வழியில்லை. பழைய கணினிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, எக்ஸ்எஃப்சிஇ எடை குறைவு. இரண்டு நியாயத்தில் ஒன்றுக்குத்தான் புள்ளி வைக்க முடியும். எடை கூடினாலும் பேசுகிற திரைக்கு வைத்தது சரி என்பேன். அன்றைக்கு இருந்த நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதே 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு முடிந்தது. தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. பாஸின் பிந்தைய பதிப்புகளுக்குச் சின்னமன் முகம் வந்தது. கீழே பட்டை, மூலையில் பட்டியல். விண்டோஸில் பழகியவர் திகைக்க மாட்டார்.

அந்த ஆண்டு பொங்கலுக்கு நான் மறுபடி படாளம் போனேன். மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்றாள். நான் பெரிய வல்லுநர் அல்லவா? பாஸை எடுத்துவிட்டு டெபியன் போட்டேன், அதன்மேல் எனக்குப் பிடித்த எக்ஸ்எஃப்சிஇ. சும்மா பறந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தமிழ் மொழிப்பொதியைப் போட மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது கூட மழுப்பல்தான், எனக்கு அது தேவைப்படவில்லை, அதனால் நினைவுக்கே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஃபோனில் பேசும்போது, "எப்படிடி ஓடுது?" என்றேன்.

"நல்லா ஓடுதுண்ணா. நான் இப்ப விண்டோஸ்தான் தொறக்கறேன்."

"ஏன்?"

"அதுல 'இடங்கள்' இல்லியே. எங்க வெச்சீங்க அத?"