இந்தியன் ஓஷன்: தொடக்ககால இசைத்தொகுப்புகள்

இந்தியன் ஓஷன் 1990-இல் தில்லியில் தொடங்கப்பட்ட ராக் இசைக்குழு. கிதார் கலைஞர் சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அசீம் சக்ரவர்த்தியும் இதன் நிறுவனர்கள். இந்திய மாற்று இசை வரலாற்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இயங்கும் குழுக்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. குழுவின் பெயர் பரவலாகத் தெரிந்தது 2000-க்குப் பிறகுதான் என்பதால், அதற்கு முந்தைய இரு தொகுப்புகளும் பெரும்பாலும் முன்னோட்டமாகவே பேசப்படுகின்றன. அது முழுமையான பார்வை அல்ல.

பின்னணி

1980-களின் இந்திய ராக் குழுக்கள் பெரும்பாலும் மேற்கத்தியக் குழுக்களின் ஆங்கிலப் பாடல்களை அப்படியே வாசித்தன. மூலத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதே தரத்தின் அளவுகோல். தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தி அல்ல. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலிலோ, சிவகாசி வட்டாரத் திருவிழா மேடைகளிலோ பாடும் இன்னிசைக் குழுவிடமும் கூட்டம் எதிர்பார்ப்பது திரைப்பாடலின் அச்சு அசலான பிரதியைத்தான். சொந்தப் பாட்டு என்று ஆரம்பித்தால் கூட்டம் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடும். தில்லிக் கல்லூரி விழாக்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அந்தச் சூழலில், சொந்த ஆக்கங்களை மட்டுமே வாசிப்பது என்று இரண்டு பேர் முடிவெடுத்ததே இக்குழுவின் வரலாற்றில் முதல் செய்தி.

சுஸ்மித்தின் கிதார் இந்துஸ்தானி ராகங்களின் சாயலில் ஒற்றை நரம்பு வரிசைகளாக நகர்வது. ராக் இசைக்கு வழக்கமான கனத்த ஒலிச்சிதைவு அதில் கிடையாது. அசீம் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து தபலாவையும் பிற தோல்கருவிகளையும் ஒருசேர வாசித்தார். 1991-இல் பேஸ் கிதார் கலைஞர் ராகுல் ராம் சேர்ந்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். நர்மதை அணைக்கு எதிரான நர்மதா பச்சாவ் ஆந்தோலனில் பங்கெடுத்தவர். குழுவின் பாடல்களுக்குள் அரசியலும் நாட்டார் பாடலும் வந்த வழி பெரும்பாலும் இவருடையது.

முதல் தொகுப்பு (1993)

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பை ஹெச்.எம்.வி. நிறுவனம் 1993-இல் கேசட்டாக வெளியிட்டது. சொல் குறைவு, கருவியிசை மிகுதி. அசீமின் குரல் பல இடங்களில் பொருளுள்ள சொல்லைப் பாடாமல் இன்னொரு கருவியாகவே ஒலிக்கிறது. ஆலாபனைக்கும் ஜாஸ் பாடகர்களின் சொல்லற்ற பாடுமுறைக்கும் நடுவில் நிற்கும் ஒன்று அது. இன்று கேட்கும்போது ஒலிப்பதிவு சற்று ஒடுங்கித் தெரிகிறது. மேடையில் நீண்டு விரியக்கூடிய ஆக்கங்களை ஒலிப்பதிவுக்கூடம் சுருக்கிப் பிடித்தது போன்ற உணர்வு. ஆனால் பிற்காலத்தில் இக்குழுவின் அடையாளமான கூறுகள் யாவும் இதில் உள்ளன.

1994-இல் டிரம்ஸ் கலைஞர் ஷலீன் சர்மாவின் இடத்துக்கு அமித் கிலாம் வந்தார். டிரம்ஸோடு ரெக்கார்டர் என்னும் குழலையும், வங்கத்து பாவுல் பாடகர்களின் கப்குபியையும் வாசிப்பவர். சுஸ்மித், அசீம், ராகுல், அமித் என்ற இந்த நால்வர் அணியே அடுத்த பதினைந்து ஆண்டுகள் நீடித்தது.

டெசர்ட் ரெயின் (1997)

இரண்டாவது தொகுப்பு ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானதல்ல. 1997 ஜனவரி முதல் நாள், தில்லியில் சஹ்மத் அமைப்பு திறந்தவெளியில் நடத்திய நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு. அந்த நாளுக்கு ஒரு காரணம் உண்டு. 1989 ஜனவரி 1 அன்று தில்லியை அடுத்த சாஹிபாபாத்தின் ஜண்டாபூரில் தொழிலாளர்கள் முன்னால் 'ஹல்லா போல்' தெருநாடகத்தை நடத்திக்கொண்டிருந்தபோது சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டார். மறுநாள் இறந்தார். அவர் நினைவாகக் கலைஞர்கள் தொடங்கிய அமைப்பே சஹ்மத். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அது கலைநிகழ்ச்சி நடத்துகிறது.

பாட்டும் மேடையும் அரசியலும் இப்படி ஒன்றாகக் கலந்த வரலாறு சிவகாசிக்கும் உண்டு. அங்கே 1886-இல் பிறந்த நாடக நடிகர் விசுவநாத தாஸ், மேடையில் தேசியப் பாடல்களைப் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகனாக மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் துறந்தார். இரண்டு சாவுகளும் வேறு வேறு வகையானவை. ஆனால் அந்தப் புத்தாண்டு மேடையின் கனத்தைத் தமிழ் வாசகர் உணர இந்த ஒப்பீடு உதவும்.

டெசர்ட் ரெயின் தொகுப்பில் போர்க்குரல் எதுவும் இல்லை. பெரும்பாலும் கருவியிசைதான். குளிர்கால வெளியில் நால்வரும் ஒருவர் வாசிப்பை ஒருவர் கேட்டு, அவசரமின்றி ஆக்கத்தை வளர்ப்பது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. முதல் தொகுப்பில் அடைபட்டிருந்த காற்று இதில் வெளியே வருகிறது. குழுவின் தொடக்ககாலப் பதிவுகளில் ஒன்றை மட்டும் கேட்க விரும்புவோர் இதைக் கேட்கலாம்.

கந்தீசா (2000)

டைம்ஸ் மியூசிக் நிறுவனம் வெளியிட்ட கந்தீசாதான் குழுவை இந்தியா முழுக்கக் கொண்டுசென்றது. ஏழே பாடல்கள். தலைப்புப் பாடல் கேரளச் சுரியானிக் கிறித்தவர்களின் வழிபாட்டுப் பாடல். மொழி, அரமேயத்தின் கிளையான சுரியானி. தலைப்புச் சொல்லின் வேர் 'புனிதம்' என்ற பொருளுடையது. மொழி தெரியாத பல்லாயிரம் கல்லூரி மாணவர்கள் அதைச் சேர்ந்து பாடினார்கள் என்பது இந்திய ராக் வரலாற்றின் வியப்புகளில் ஒன்று. மதுரை சோமுவின் தமிழை அறியாதவரும் அவர் குரலுக்குக் கட்டுண்டதைப் போல என்று கொள்ளலாம்.

'மா ரேவா' நர்மதைப் பள்ளத்தாக்கின் நாட்டார் பாடல். ரேவா என்பது நர்மதையின் மறுபெயர். ராகுல் ராம் போராட்ட நாட்களிலிருந்து கொண்டுவந்த பாடல் இது. ஆற்றைத் தாயென்று போற்றும் எளிய துதி. ஆனால் தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று, சர்தார் சரோவர் அணைக் கட்டுமானத்தைத் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அணை பின்னர் 138.68 மீட்டர் வரை உயர்ந்து 2017-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இடையில் பள்ளத்தாக்கின் பல ஊர்கள் நீருக்குள் போயின. இந்தப் பின்னணியோடு கேட்டால் அந்தத் துதி விடைபெறுதலாகவும் ஒலிக்கிறது. 'ஹில்லே லே' 1989-இல் மறைந்த போஜ்புரிக் கவிஞர் கோரக் பாண்டேயின் புரட்சிப் பாடலை அடிப்படையாகக் கொண்டது. ஊர்வலங்களில் பாடப்பட்டது, ராக் தாளத்தில் நடனப் பாடலாகிவிட்டது. இதனால் அதன் கூர்மை மழுங்கியதா, அல்லது ஊர்வலத்துக்கு ஒருபோதும் வராதவர்களையும் எட்டியதா என்பது விவாதத்துக்குரியது. இரண்டுமே நடந்தன என்பதே பொருத்தம்.

பின்னர்

2003-இல் வந்த 'ஜீனி' தொகுப்பின் தலைப்புப் பாடல் நெசவாளர் கபீருடையது. உடலை மெல்லிய துணியாகக் காணும் அந்தப் பாடல் அருப்புக்கோட்டைத் தறிக்காரர் ஒருவருக்கு உரையின்றியே புரியக்கூடியது. அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே' 1993 பம்பாய் குண்டுவெடிப்புகளைப் பற்றிய படம். நீதிமன்றத் தடையால் அது 2007-இல்தான் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. குழுவின் இசை அதற்கு முன்பே 2005-இல் வெளியாகி, பீயுஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' வழியாகப் புதிய ரசிகர்களைச் சேர்த்தது.

2009 டிசம்பர் 25 அன்று அசீம் சக்ரவர்த்தி மாரடைப்பால் மறைந்தார். அதற்கு முன்பே அவர் பாடிப் பதிவுசெய்திருந்த பாடல்கள் '16/330 கஜூர் ரோடு' என்ற பெயரில் 2010-இலிருந்து மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. அந்தத் தலைப்பு கரோல் பாக்கில் குழு ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரி. அதே ஆண்டு ஜைதீப் வர்மாவின் 'லீவிங் ஹோம்' ஆவணப்படம் திரையரங்குகளில் வெளியானது. கந்தீசா தொகுப்பிலுள்ள ஓர் ஆக்கத்தின் பெயர் அது. சுஸ்மித் சென் 2013-இல் விலகினார், அவருடைய இடத்துக்கு நிகில் ராவ் வந்தார். சங்கர் மகாதேவன், கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷ் உள்ளிட்டோர் பங்கேற்ற 'தந்தானு' 2014-இல் வெளிவந்தது. நிறுவனர் இருவரும் இல்லாத மேடையில் கந்தீசா தொடர்ந்து பாடப்படுகிறது.